அழாத அம்மா: லிண்டி சேம்பர்லெய்ன் கேஸைக் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கலாம்

எங்க பெரியப்பா தவறினப்ப பெரியம்மா அழல. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வர்றவங்களுக்கு காபி போச்சா, பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சா, மெட்ராஸ்லேருந்து வர்றவங்க எங்க வந்துக்கிட்டு இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்த ரெண்டு பேர், "கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டு கண்ணீர் வருதா பாரு"ன்னு பேசிக்கிட்டது என் காதுல விழுந்துச்சு. அதுக்கு முந்தின ஏழு மாசம் டயாலிசிஸுக்கு வாரம் மூணு தடவை ஆட்டோ புடிச்சு அழைச்சிட்டுப் போனது பெரியம்மாதான். அது அந்த ரெண்டு பேருக்கும் தெரியாது, அவங்க பாத்தது அன்னைக்கு முகத்தை மட்டும்.

இதே வாசல் பேச்சு ஒரு நாடு முழுக்கப் பரவி, பிள்ளையப் பறிகொடுத்த அம்மாவையே கொலைகாரின்னு ஆயுள் தண்டனைக்கு அனுப்பின கதைதான் ஆஸ்திரேலியாவோட லிண்டி சேம்பர்லெய்ன் கேஸ். பெரும்பாலும் இதை ஃபாரன்சிக் சொதப்பல்னுதான் சொல்லுவாங்க. சொதப்பல்தான், இல்லைங்கல. ஆனா அந்த ரத்த ரிப்போர்ட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஜனங்கள்ல பாதிப் பேர் மனசுக்குள்ள தீர்ப்பு எழுதி மடிச்சு வச்சிட்டாங்க. எனக்கு அந்த இடம்தான் முக்கியமாப் படுது.

அன்னைக்கு ராத்திரி

1980 ஆகஸ்ட் 17, ஞாயித்துக்கிழமை. குயின்ஸ்லாந்துல மவுன்ட் ஐசாங்கிற தாமிரச் சுரங்க ஊர்லேருந்து மைக்கேல் சேம்பர்லெய்னும் லிண்டியும் மூணு பிள்ளைங்களோட கார்ல டூர் வந்து, ஏயர்ஸ் ராக்ங்கிற பெரிய பாறை பக்கத்துல (இப்போ உலுருன்னு சொல்றாங்க) டென்ட் போட்டிருந்தாங்க. மைக்கேல் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை போதகர். மூத்தவன் எய்டனுக்கு 6 வயசு, அடுத்தவன் ரேகனுக்கு 4, கைக்குழந்தை அசாரியாவுக்கு ஒன்பது வாரம்.

ராத்திரி எட்டு மணி வாக்குல ரேகனும் பாப்பாவும் டென்ட்ல தூங்குறாங்க, பெரியவங்க கொஞ்ச தூரத்துல பார்பிக்யூ போடுற இடத்துல நிக்கிறாங்க, லிண்டி எய்டனுக்கு இன்னும் பசிக்குதுன்னு கார்லேருந்து பீன்ஸ் டப்பா எடுத்துட்டு திரும்பி வர்றாங்க, அப்புறம் டென்ட் பக்கமிருந்து பாப்பா வீல்னு ஒரு சத்தம். லிண்டி போறப்ப டென்ட் வாசல்லேருந்து ஒரு டிங்கோ (அந்த ஊர் காட்டு நாய்) தலைய ஆட்டிக்கிட்டே வெளிய வருது. உள்ள பாப்பா இல்ல. அந்த ராத்திரியே கிட்டத்தட்ட 300 பேர் கைகோத்த மாதிரி வரிசையா நின்னு டார்ச் அடிச்சுத் தேடினாங்க. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரங்களான அனங்கு மக்கள்ல தடம் பாக்கிறவங்க மணல்ல டிங்கோ எதையோ தூக்கிட்டுப் போய் நடுவுல கீழ வச்சு மறுபடி தூக்கின அடையாளத்தைக் காட்டினாங்க. ஒரு வாரம் கழிச்சு, ஆகஸ்ட் 24, சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி பாப்பாவோட துணி கிடைச்சுது. உடம்பு கடைசி வரைக்கும் கிடைக்கல.

அந்தத் துணிங்களோட பாப்பா மேல போட்டிருந்த வெள்ளைப் பின்னல் கோட் இல்ல. அப்படி ஒண்ணு போட்டிருந்தான்னு லிண்டி சொல்லிக்கிட்டே இருந்தாங்க. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

டிவில தெரிஞ்ச முகம்

அடுத்த சில நாள்ல டிவிக்காரங்களும் பத்திரிகைக்காரங்களும் வந்து இறங்கிட்டாங்க. மைக்கேலும் லிண்டியும் பேட்டி கொடுத்தாங்க. அங்கதான் சனி ஆரம்பிச்சுது.

லிண்டி கேமரா முன்னாடி உடைஞ்சு அழல. குரல் ஒரே மட்டத்துல இருந்துச்சு, முகம் இறுகி இருந்துச்சு. துணி கிழியாம எப்படி உடம்பு மட்டும் போகும்னு நிருபர் கேட்டா, டிங்கோ தோலை எப்படி ஆரஞ்சுப் பழம் மாதிரி உரிச்சு உரிச்சுத் தின்னும்னு விளக்கம் சொன்னாங்க. இதைப் படிக்கிற உங்களுக்கே இப்ப ஒரு மாதிரி இருக்கில்ல? அதேதான் அன்னைக்கு அத்தனை பேருக்கும் இருந்துச்சு. மைக்கேல் வேற கடவுள் சித்தம், உயிர்த்தெழுதல்னு நிதானமா பேசினாரு, பத்திரிகை கேட்டுச்சுன்னு டென்ட்டை போட்டோ எடுத்துக் கொடுத்தாரு. ரெண்டு நாள்ல குடும்பம் ஊருக்குக் கிளம்பிடுச்சு. பிள்ளை கிடைக்காம எந்த அம்மா கிளம்புவா, எந்த அப்பன் கேமராவைத் தொடுவான்னு பேச்சு. பின்னாடி கோர்ட்டுக்கு வந்தப்ப தினம் ஒரு டிரஸ்ல வர்றாங்கன்னு அதையும் எழுதினாங்க.

இப்ப அதே விஷயத்தை ஃபிரேமுக்கு வெளிய நின்னு பாருங்க. துணியப் பத்தி கேட்டது நிருபர். கேள்வி டெக்னிக்கலா வந்துச்சு, பதிலும் டெக்னிக்கலா வந்துச்சு. டிவில கேள்வி வெட்டுப்பட்டுப் போகும், பதில் மட்டும் நிக்கும். அப்புறம் அவங்க சபை நம்பிக்கை. செத்தவங்க தூங்குறாங்க, இயேசு திரும்ப வர்றப்ப எழுந்திருப்பாங்கங்கிறது அட்வென்டிஸ்ட்காரங்க உறுதியா நம்புற விஷயம். அந்த நம்பிக்கையில வளந்தவங்க, ஜனங்க பாக்கிற இடத்துல மாரடிச்சு அழுறதை விட அமைதியா சாட்சி சொல்றதைத்தான் கடமைன்னு எடுத்துக்குவாங்க. இது எதுவும் பாக்கிறவங்களுக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது அழாத முகம், அதுக்குப் பின்னாடி கல் மனசு.

எனக்கு இந்தக் கேஸ்ல ரொம்ப முக்கியமாத் தெரியறது வேற ஒண்ணு. அன்னைக்கு ராத்திரி அந்தக் கேம்ப்ல கூட இருந்தவங்க லிண்டிய சந்தேகப்படல. பக்கத்து டென்ட் குடும்பம் டிங்கோ உறுமுற சத்தம் கேட்டோம்னாங்க. பார்பிக்யூ கிட்ட லிண்டியோட பேசிக்கிட்டிருந்த அம்மா, லிண்டி திரும்பி வந்து நின்ன பிறகுதான் பாப்பா அழுத சத்தம் கேட்டேன்னு சொன்னாங்க. லிண்டி அதுக்கு முன்னாடியே கொன்னுட்டாங்கன்னா அப்ப அழுதது யாரு? அந்த இருட்டு, அந்தக் குளிர், அந்த அலறல் எல்லாத்தையும் சேத்துப் பாத்தவங்க ஒரு மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி சோபால உக்காந்து முகத்தை மட்டும் குளோசப்ல பாத்தவங்க வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க.

இதுக்கு சைக்காலஜில என்ன சொல்றாங்க

ஒருத்தர் செய்றதுக்கு நாம எப்படிக் காரணம் தேடுறோம்ங்கிற ஆராய்ச்சி, ஃபிரிட்ஸ் ஹைடர் 1958ல எழுதினதுலேருந்து கிளம்புது. ஒருத்தர் ஒண்ணு செஞ்சா அதுக்குக் காரணத்தை நாம ரெண்டு இடத்துல தேடலாம், ஒண்ணு அந்த ஆளோட குணம், இன்னொண்ணு அவர் மாட்டிக்கிட்ட சூழ்நிலை. பிரச்சனை என்னன்னா ஆளு கண்ணுக்குத் தெரியறாரு, சூழ்நிலை தெரியறதில்ல. அதனால குணத்து மேலயே கை போயிடும். ஜோன்ஸும் ஹாரிஸும் 1967ல வெளியிட்ட ஆய்வுல, ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரிச்சும் எதிர்த்தும் எழுதின கட்டுரைகளை மாணவர்கள்கிட்ட கொடுத்தாங்க. எந்தப் பக்கம் எழுதணும்னு எழுதினவருக்கு ஆர்டர் போட்டதுதான், அவர் இஷ்டம் இல்லன்னு தெளிவா சொல்லியும்கூட, ஆதரிச்சு எழுதினவர் மனசுலயும் காஸ்ட்ரோ பக்கம்தான் இருப்பாருன்னு படிச்சவங்க சாஞ்சாங்க. இதுக்கு லீ ராஸ் 1977ல ஒரு பேரு வச்சாரு, தமிழ்ல அடிப்படைக் காரணம் கற்பிக்கும் பிழைன்னு சொல்லலாம். பேரு வாய்ல நுழையாது, விஷயம் தினசரி நம்ம தெருவுல நடக்கிறதுதான்.

லிண்டி கேஸுக்கு இதைவிட நெருக்கமானது டேனியல் லாசிட்டரோட கேமரா ஆய்வுகள். போலீஸ் விசாரணைல குத்தத்தை ஒத்துக்கிற வீடியோவைக் காட்டுறாங்க. கேமரா சந்தேகப்படுற ஆளை மட்டும் காட்டினா, பாக்கிறவங்க அவரு தானா மனசு வந்து ஒத்துக்கிட்டாருங்கிறாங்க. விசாரிக்கிற போலீஸையும் சேத்துக் காட்டினா, இவரை நெருக்கிப் புடிச்சிருக்காங்களேன்னு தோணுது. பேச்சு அதேதான், கோணம் மட்டும் வேற. லிண்டியப் பாத்த டிவி கேமராவும் அப்படித்தான் நின்னுச்சு, எதிர்ல மைக் நீட்டிக்கிட்டிருந்த கூட்டம் யாருக்கும் தெரியல.

ஹெரால்ட் கெல்லி 1967ல இன்னொரு வழி சொன்னாரு, ஒருத்தர் செயலுக்குக் காரணம் கண்டுபிடிக்க நாம மூணு கேள்வி கேக்கணும்னு. அவங்க எப்பவுமே இப்படியா, இந்த விஷயத்துல மட்டும்தான் இப்படியா, இதே நிலைமைல மத்தவங்க எப்படி நடந்துக்குவாங்க? இந்த மூணாவது கேள்வியை லிண்டிக்குப் போட்டுப் பாருங்க. டிங்கோ பிள்ளையத் தூக்கிட்டுப் போன அம்மாக்கள் எத்தனை பேரை ஆஸ்திரேலியா பாத்திருந்துச்சு? ஒப்பிட ஆளே இல்ல. "ஒரு அம்மான்னா இப்படி இருக்க மாட்டா"ன்னு சொன்ன அத்தனை பேரும் காலியா இருந்த அந்தக் கட்டத்துல சினிமால பாத்த அம்மாவை உக்கார வச்சு அவளோட லிண்டியை ஒப்பிட்டாங்க. அழுதிருந்தாலும் நடிப்புன்னு சொல்லியிருப்பாங்கங்கிறது என் எண்ணம், ஏன்னா அந்த ஸ்டேஜ் தாண்டினா எதைச் செஞ்சாலும் சந்தேகத்துக்குத் தீனிதான்.

வேடிக்கை என்னன்னா டிங்கோவுக்கும் இதே நியாயம்தான் நடந்துச்சு. "டிங்கோ கூச்ச சுபாவம், மனுஷங்க கிட்டயே வராது"ன்னு அதோட குணத்தைச் சொல்லி விட்டுட்டாங்க. சூழ்நிலை என்ன? டூரிஸ்ட்டுங்க மிச்சம் மீதி போட்டுப் போட்டு அந்தக் கேம்ப் டிங்கோக்களுக்கு மனுஷ பயமே விட்டுப் போயிருந்துச்சு. அந்த வருஷமே சில வாரம் முன்னாடி ஒரு சின்னப் பொண்ணை டிங்கோ கார்லேருந்து இழுத்த சம்பவம் அங்க நடந்திருக்கு. ஆபத்து வரப் போகுதுன்னு தலைமை ரேஞ்சர் மேலிடத்துக்கு எழுதியும் இருந்தாரு. மிருகத்துக்கு நல்ல குணம், அம்மாவுக்குக் கெட்ட குணம், ரெண்டு பேரும் நின்ன இடத்தை யாரும் பாக்கல.

வதந்தி

குணம் இதுதான்னு முடிவாயிட்டா அதுக்கு ஏத்த கதை தானா வரும். அசாரியான்னா "வனாந்தரத்தில் பலி"ன்னு அர்த்தமாம்னு ஊரே பேசிச்சு. எபிரேயத்துல அதுக்கு அர்த்தம் கடவுள் உதவினார். பாப்பாவுக்குக் கறுப்பு டிரஸ் போட்டிருந்தாங்க, அப்ப நரபலிதான்னாங்க. அந்தக் குட்டி டிரஸ் இப்போ ஆஸ்திரேலிய தேசிய மியூசியத்துல இருக்கு, சிவப்பு ரிப்பன் வச்ச சாதாரணக் குழந்தைக் கவுன். வீட்டுல சின்ன வெள்ளை சவப்பெட்டி இருந்துச்சாம்! இருந்தது உண்மை, மைக்கேல் சிகரெட்டை விட வைக்கிற கிளாஸ் எடுப்பாரு, அதுல காட்டுறதுக்கு வச்சிருந்தது.

1978ல ஜோன்ஸ்டவுன்ல ஒரு சபையே கூண்டோட செத்திருந்துச்சு, அந்த பயம் ஆறாத நேரம் இது, அட்வென்டிஸ்ட்னா யாருன்னு ஆஸ்திரேலியாவுல முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நம்ம ஊர்ல செவன்த் டே ஸ்கூல்னு போர்டு பாத்திருப்பீங்களே, அதே சபை. இதுல எனக்கு சிரிப்பு வர்ற விஷயம், ஆஸ்திரேலியா காலைல எந்திரிச்சு சாப்பிடுற வீட்-பிக்ஸ் இந்த சபைக்குச் சொந்தமான கம்பெனி தயாரிக்கிறது. அதைப் பால்ல ஊற வச்சு சாப்பிட்டுக்கிட்டேதான் இவங்க நரபலி கோஷ்டின்னு பேப்பர் படிச்சிருக்காங்க.

முகத்துக்கு ஏத்த ரத்தம்

முதல் இன்குவெஸ்ட்ல (சாவு எப்படி நடந்துச்சுன்னு பாக்கிற கோர்ட் விசாரணை) கொரோனர், அதாவது அந்த விசாரணையை நடத்துற அதிகாரி, டெனிஸ் பாரிட் அந்தக் குடும்பத்தை நேர்ல உக்கார வச்சுக் கேட்டவர். 1981 பிப்ரவரி 20 அன்னைக்கு, வதந்தி ஓயணும்னே டிவில நேரடியா ஒளிபரப்ப விட்டு, டிங்கோதான்னு சொன்னாரு. ஓயல. அதே வருஷம் செப்டம்பர்ல போலீஸ் மறுபடி கிளம்பி வீட்டையும் காரையும் அலசுச்சு. அந்த ஹோல்டன் டொரானா கார்ல பச்சைக் குழந்தை ரத்தம்னு லேப் ரிப்போர்ட் வந்துச்சு. பாப்பா துணில ரத்தக் கை அடையாளம்னு லண்டன் நிபுணர் சொன்னாரு.

1982 செப்டம்பர்ல டார்வின்ல விசாரணை ஆரம்பிச்சுது. அரசுத் தரப்பு கதை இது: பீன்ஸ் டப்பா எடுக்கப் போன அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள கார் முன்சீட்ல கழுத்தறுத்து, கேமரா பையில ஒளிச்சு, கையக் கழுவிட்டு வந்து பார்பிக்யூ கிட்ட சாதாரணமா பேசினாங்க. ஏன் கொன்னாங்கன்னு நாங்க சொல்லப் போறதில்லன்னு வெளிப்படையாவே சொல்லிட்டாங்க. உடம்பு இல்ல, ஆயுதம் இல்ல, நோக்கமும் இல்ல. ஏழு மாசக் கர்ப்பத்தோட, டார்வின் புழுக்கத்துல, தன் பிள்ளை ரத்தம் எந்தப் பக்கம் தெறிச்சிருக்கும்னு நாள் முழுக்கப் பேசறதைக் கேட்டுக்கிட்டு லிண்டி உக்காந்திருந்தாங்க. நீதிபதியோட தொகுப்புரை விடுதலைப் பக்கம் சாஞ்ச மாதிரிதான் இருந்துச்சுன்னு பாத்தவங்க நினைச்சாங்க. அக்டோபர் 29 அன்னைக்கு ஜூரி குத்தவாளின்னுச்சு, ஆயுள் தண்டனை. உடந்தைன்னு மைக்கேலுக்கு நிறுத்தி வைக்கப்பட்ட தண்டனை. நவம்பர் 17 அன்னைக்கு காவல்லயே பொண்ணு பொறந்துச்சு, கொஞ்ச நேரத்துலயே வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஹை கோர்ட் (அங்க அதுதான் உச்ச நீதிமன்றம்) வரைக்கும் போயும் 1984ல 3க்கு 2ன்னு தோத்தாங்க.

ஜூரி முகத்தைப் பாத்துதான் முடிவு பண்ணுச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், ரத்தம்னு விஞ்ஞானி சொன்னா யாரும் நம்பத்தான் செய்வாங்க. ஆனா அந்த ரத்தத்தைத் தேடிப் போக வச்சது எதுன்னு யோசிங்க. ரொம்ப நல்லா அழுத ஒரு அம்மாவோட காரை, கொரோனர் தீர்ப்பு சொல்லி முடிச்சப்புறம், யாரு டேஷ்போர்டுக்கு அடியில படுத்துப் பாத்திருப்பா?

1986 பிப்ரவரி 2 அன்னைக்கு, உலுருலேருந்து விழுந்து செத்த ஒரு இங்கிலாந்துக்காரர் உடம்பைத் தேடினப்ப, டிங்கோ குகைங்க இருக்கிற பக்கம் பாதி மண்ணுல புதைஞ்சு அந்த வெள்ளைக் கோட் கிடைச்சுது. இல்லவே இல்லன்னு சொன்ன அதே கோட். அஞ்சு நாள்ல லிண்டிய விட்டுட்டாங்க. கேஸை மறுபடி ஆராய அமைச்ச மார்லிங் கமிஷன் 1987ல எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுச்சு. டேஷ்போர்டுக்கு அடியில இருந்த ரத்தத் தெறிப்பு, கார் ஃபேக்டரில சத்தம் வராம இருக்க அடிக்கிற பூச்சு. ரத்தம்னு காட்டுற டெஸ்ட் தாமிரத் தூசிக்கும் நிறம் மாறும், அந்தக் கார் ஓடினது தாமிரச் சுரங்க ஊர்ல. துணில இருந்த கறையில பெரும்பகுதி பாலைவனத்துச் செம்மண். லேப்காரங்க டெஸ்ட் பிளேட்டையெல்லாம் முன்னாடியே தூக்கிப் போட்டிருந்தாங்க, விசாரணைல யாரும் சரிபாக்க வழியில்லாம போச்சு. 1988 செப்டம்பர் 15 அன்னைக்கு தண்டனை ரத்து.

அதுக்கப்புறமும் எத்தனை பேர் நம்பல தெரியுமா. 1995ல மூணாவது இன்குவெஸ்ட் காரணம் தெரியலன்னு முடிச்சுது. 2001ல ஃபிரேசர் தீவுல ஒன்பது வயசுப் பையனை டிங்கோ கொன்னப்புறம்தான் நிறைய பேருக்கு உறைச்சுது. லிண்டிக்கு வந்த கடிதங்க 20,000க்கு மேல தேசிய நூலகத்துல இருக்கு. திட்டினதும் இருக்கு, ஆறுதல் சொன்னதும் இருக்கு, மன்னிப்புக் கேட்டதும் இருக்கு.

மைசூர்க்காரங்களையும் சிகாகோக்காரங்களையும் வச்சு ஜோன் மில்லர் 1984ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தெரிஞ்சவங்க செஞ்ச காரியத்துக்குக் காரணம் சொல்லச் சொன்னா அமெரிக்கப் பெரியவங்க அதிகமா குணத்தைச் சொன்னாங்க, மைசூர்ப் பெரியவங்க அதிகமா சூழ்நிலையச் சொன்னாங்க, சின்னப் பிள்ளைங்ககிட்ட அந்த வித்தியாசம் பெருசா இல்ல. அதாவது இது வளர வளர நாம கத்துக்கிறது. இதைப் படிச்சிட்டு நம்மாளுங்க பரவால்லன்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், அப்புறம் அந்த பிளாஸ்டிக் சேர் ஞாபகம் வந்துச்சு.

2012 ஜூன் 12, டார்வின். நாலாவது இன்குவெஸ்ட். கொரோனர் எலிசபெத் மோரிஸ் டிங்கோதான் தூக்கிட்டுப் போச்சுன்னு படிச்சிட்டு, குடும்பத்துக்கு அனுதாபம் சொல்றப்ப குரல் தழுதழுத்துடுச்சு. வெளிய வந்து கேமரா முன்னாடி நின்ன லிண்டி, டிங்கோ ஆபத்தில்ல, சீண்டினாத்தான் கடிக்கும்னு இனி ஆஸ்திரேலியா சொல்ல முடியாதுன்னு பேசினாங்க. அந்த வீடியோவை நான் ரெண்டு மூணு தடவை பாத்தேன். 32 வருஷம் கழிச்சும் ஏறி இறங்காத அதே குரல், அதே இறுகின முகம், அப்பவும் டிங்கோவைப் பத்தித்தான் விளக்கிக்கிட்டு இருந்தாங்க.